அந்தமான் தீவுகளுக்கு முதல் பயணம்: கடற்கரையும் மழைக்காடும்

அந்தமான் தீவுகள் வங்காள விரிகுடாவுக்கும் அந்தமான் கடலுக்கும் இடையில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் தீவுக்கூட்டம் ஆகும். இது அந்தமான் நிக்கோபார் தீவுகள் என்னும் இந்திய ஒன்றியப் பகுதியின் வடபாகம். சிறிதும் பெரிதுமாக 836 தீவுகளும் பாறைத் திட்டுகளும் அடங்கிய இந்த ஒன்றியப் பகுதியின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். இதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு. மக்கள் வாழ்பவை ஏறத்தாழ முப்பது தீவுகள்தாம். வெண்மணல் கடற்கரை, பவளப்பாறை, வானுயர்ந்த மழைக்காடு ஆகிய மூன்றையும் ஒரே பயணத்தில் காண விரும்புவோர் அதிகம் தேர்ந்தெடுக்கும் இடங்களுள் இதுவும் ஒன்று.

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ திட்டமிடுவதுபோல, பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிட்டு நாட்களால் வகுத்துக்கொண்டால் அந்தமானில் அந்தக் கணக்கு பெரும்பாலும் தவறிவிடும். இங்கே பயணத்தின் போக்கை முடிவு செய்பவை மழை, படகு, சூரியன் ஆகிய மூன்றும். இவற்றோடு நான்காவதாக ஒன்று உண்டு. இக்காடுகளில் சில, வெளியார் நுழையக் கூடாத, வேறு மக்களின் வீடுகள். இந்த நான்கையும் முதலில் புரிந்துகொண்டு திட்டமிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர்க் குழப்பம்

முதன்முறை செல்வோர் பலர் பெயர்களிலேயே குழம்புகிறார்கள். ஒரே இடத்துக்குப் பழைய பெயரும் புதிய பெயரும் வழக்கில் இருப்பதே காரணம். தலைநகரான போர்ட் பிளேர், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு சுவராஜ் தீவு எனவும், நீல் தீவு சாகித் தீவு எனவும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனவும் மாற்றப்பட்டன. பயணச்சீட்டில் ஒரு பெயரும் வழிகாட்டியின் பேச்சில் இன்னொரு பெயரும் வரலாம். இரண்டையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. இக்கட்டுரையில் பலரும் அறிந்த பழைய பெயர்களே பயன்படுத்தப்படுகின்றன.

எப்போது செல்வது

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அந்தமானை நனைக்கின்றன. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். இது சென்னையில் பெய்வதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்த மழையால்தான் அங்கே மழைக்காடு இருக்கிறது. காட்டைப் பார்க்க ஆசைப்படுபவர் மழையைக் குறைசொல்ல முடியாது.

மே முதல் செப்டம்பர் வரை மழை மிகுதி, கடலும் கொந்தளிப்பாக இருக்கும். படகுகள் ரத்தாகும். நீர் கலங்குவதால் பவளப்பாறைகளும் தெளிவாகத் தெரியாது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வங்கக்கடலில் புயல் உருவாகும் வாய்ப்பு அதிகம். முதல் பயணத்துக்கு ஏற்றவை ஜனவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்கள். டிசம்பரிலும் செல்லலாம். ஆனால் அரையாண்டு விடுமுறையும் புத்தாண்டும் சேர்வதால் கூட்டமும் கட்டணமும் கூடும். ஏப்ரலில் வெயில் கடுமை என்றாலும் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும்.

சூரியன் முந்திக்கொள்ளும் இடம்

போர்ட் பிளேர் ஏறத்தாழ கடலூரின் அட்சரேகையிலேயே இருக்கிறது. ஆனால் தீர்க்கரேகையில் சென்னைக்கு 12 பாகைக்கு மேல் கிழக்கே உள்ளது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். எனவே அங்கே சூரியன் சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக உதித்து, முன்னதாகவே மறைகிறது. கடிகாரமோ இரண்டு ஊர்களிலும் இந்திய நேரத்தையே காட்டுகிறது.

இதன் விளைவு பெரியது. டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஜூன் மாதத்தில்கூட 6 மணியைத் தொடாது. மதியம் சாப்பிட்டுச் சற்று உறங்கி எழுந்து, 5 மணிக்குக் கடற்கரைக்குக் கிளம்பும் நம் வழக்கம் அங்கே உதவாது. காலை 5 மணிக்கு எழுந்து, கடல் தொடர்பான எல்லாவற்றையும் முற்பகலில் முடித்து, சூரிய மறைவைக் காண 4 மணிக்கே மணலில் இருக்க வேண்டும். படகுகளும் இந்த வெளிச்சத்தை ஒட்டியே ஓடுகின்றன.

எப்படிச் செல்வது

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கொல்கத்தா, பெங்களூரு, டெல்லி முதலிய நகரங்களிலிருந்தும் விமானங்கள் உண்டு. கப்பலில் செல்ல விரும்புவோருக்குச் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பயணிகள் கப்பல்கள் உள்ளன. சென்னையிலிருந்து கடல்வழித் தொலைவு ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். இப்பயணத்துக்கு மூன்று நாள் வரை ஆகும். மாதத்தில் சில முறைதான் கப்பல் புறப்படும். புறப்படும் நாள் மாறவும் கூடும். குறைந்த விடுமுறையில் செல்வோருக்கு இது ஒத்துவராது.

போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் ஆகிய இடங்களுக்கு இந்தியக் குடிமக்கள் சிறப்பு அனுமதி எதுவும் பெற வேண்டியதில்லை. ஒளிப்படத்துடன் கூடிய அடையாள அட்டை இருந்தால் போதும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள தமிழர்கள், பயணத்துக்கு முன்பே அன்றைய விதிகளைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். நிக்கோபார் தீவுகள் சுற்றுலாவுக்குப் பொதுவாகத் திறக்கப்படவில்லை.

தீவுகளுக்கு இடையே செல்லப் படகுதான் வழி. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுப் படகில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமும், அரசுப் படகில் இரண்டரை மணி நேரமும் ஆகும். அரசுப் படகில் கட்டணம் குறைவு. ஆனால் உள்ளூர் மக்களின் போக்குவரத்துக்கும் அதுவே ஆதாரம் என்பதால் இடம் எளிதில் கிடைக்காது. படகுச்சீட்டை உறுதி செய்த பிறகே அந்தந்தத் தீவில் தங்குமிடம் பதிவு செய்வது நல்லது. வயிற்றைப் புரட்டும் தொல்லை உள்ளவர்கள் படகின் நடுப்பகுதியில் அமர்ந்து, கைப்பேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பார்த்தபடி வந்தால் தொல்லை குறையும்.

மொழியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இந்தி பொதுமொழி, வங்காளமும் தமிழும் தெலுங்கும் மலையாளமும் பேசுவோர் கணிசமாக உள்ளனர். போர்ட் பிளேர் கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டு வாங்கலாம். தமிழருக்கு இத்தீவுகளோடு பழைய தொடர்பும் உண்டு. முதலாம் இராசேந்திர சோழனின் கல்வெட்டு குறிப்பிடும் மாநக்கவாரம் நிக்கோபாரே என்பது வரலாற்று ஆய்வாளர்களின் கருத்து.

கடற்கரைகள்

ஹேவ்லாக் தீவின் மேற்குக் கரையில் உள்ள ராதாநகர் கடற்கரை மிகவும் பெயர் பெற்றது. சுற்றுச்சூழல் தரத்துக்காக வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றிதழை இது 2020-இல் பெற்றது. மேற்கு நோக்கிய கரை என்பதால் சூரிய மறைவைக் காண ஏற்றது. மணலின் விளிம்பிலேயே பெருமரங்கள் வரிசையாக நிற்பதே இதன் தனி அழகு. கிழக்குக் கரையில் உள்ள காலாபத்தர், காலைப் பொழுதுக்கு ஏற்றது. எலிபென்ட் கடற்கரையில், முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மிதந்தபடியே பவளப்பாறைகளைக் காணலாம். அந்தப் பெயருக்குக் காரணம், மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்ட யானைகள். அந்தமானில் இயற்கையாக யானைகள் இல்லை.

நீல் தீவு சிறியது, அமைதியானது. பாரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர் ஆகியவை இதன் கடற்கரைகள். கடல் அரித்து உருவாக்கிய இயற்கைப் பாறைப் பாலத்துக்குக் கடல் வற்றியிருக்கும் நேரத்தில்தான் நடந்து செல்ல முடியும். வற்றும் நேரம் நாள்தோறும் மாறும். தங்குமிடத்தில் கேட்டுக்கொண்டு கிளம்பினால் வீண் அலைச்சல் இல்லை.

போர்ட் பிளேருக்கு அருகில் உள்ள வாண்டூரில் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா 1983-இல் அமைக்கப்பட்டது. இதற்குள் உள்ள ஜாலி பாய், ரெட் ஸ்கின் ஆகிய இரு தீவுகளும் பருவத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் திறக்கப்படுகின்றன. பவளங்களுக்கு ஓய்வு கொடுக்கும் ஏற்பாடு இது. பிளாஸ்டிக் பொருள்களுக்கு அங்கே தடை உண்டு. முன் அனுமதியும் பெற வேண்டும்.

மழைக்காடு

அந்தமான் மழைக்காட்டில் புலி, சிறுத்தை இல்லை. பெரிய விலங்குகளைத் தேடிச் செல்பவர் ஏமாற்றம் அடைவார். இங்கே பார்க்க வேண்டியவை மரங்களும் பறவைகளும். உயர்ந்த குர்ஜன் மரங்கள், அடியில் சுவர்போல விரிந்த பலகை வேர்கள், மரத்துக்கு மரம் தாவும் பிரம்புக் கொடிகள் ஆகியவற்றை நின்று பார்க்க நேரம் ஒதுக்க வேண்டும். செந்நிற வைரம் கொண்ட படாக் மரம் இத்தீவுகளின் அடையாள மரம். உலகில் வேறெங்கும் இல்லாத பறவையினங்கள் பல இங்கே வாழ்கின்றன.

முதல் பயணத்தில் எளிதாகச் செல்லக்கூடிய காட்டுப் பகுதிகள் மூன்று. ஒன்று, போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் உள்ள மவுண்ட் ஹாரியட். ஆங்கிலேயருக்கு எதிரான 1891-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மணிப்பூரியர்களின் நினைவாக 2021-இல் இது மவுண்ட் மணிப்பூர் எனப் பெயர் மாற்றப்பட்டது. பழைய சிவப்பு நிற 20 ரூபாய்த் தாளின் பின்புறக் காட்சி இங்கிருந்து தெரிவதுதான். இரண்டு, நகருக்குத் தெற்கே பறவைகளுக்குப் பெயர் பெற்ற சிடியா டாப்பு. மூன்று, ஹேவ்லாக்கில் எலிபென்ட் கடற்கரைக்குக் காட்டு வழியே செல்லும் நடைபாதை. மழைக்குப் பின் இப்பாதை சேறாகி மூடப்படுவதும் உண்டு.

காட்டில் முழுக்கால் உடையும் மூடிய காலணியும் அணிய வேண்டும். மழைக்காலத்தில் அட்டைகள் இருக்கும். பாம்புகளும் உண்டு. பாதையை விட்டு விலகாமல் நடந்தால் அச்சப்பட ஒன்றுமில்லை.

கடலில் கவனிக்க வேண்டியவை

அந்தமான் கடற்கரைகளில் செம்மூக்கு முதலை எனப்படும் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. இவை பெரும்பாலும் அலையாத்திக் காடுகளிலும் ஓடைகள் கடலில் சேரும் முகத்துவாரங்களிலும் இருந்தாலும் திறந்த கடலிலும் நீந்தக் கூடியவை. 2010-இல் ராதாநகர் கடற்கரையை ஒட்டிய பகுதியில் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலையால் உயிரிழந்தார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இறங்கக் கூடாது. அந்தி நேரத்திலும் இரவிலும் நீரில் இருக்கக் கூடாது. உயிர்காப்பாளர் உள்ள பகுதியில் மட்டுமே குளிக்க வேண்டும்.

கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. அது வலிமையை வீணாக்கும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்த இடத்துக்கு வந்தபின் கரையேற வேண்டும்.

ஆழ்கடல் முக்குளிப்பில் ஈடுபடுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நீரின் அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரசன் கூடுதலாக உடலில் கரைகிறது. அது மெல்ல வெளியேறும் முன் விமானத்தில் ஏறினால், அங்கே காற்றழுத்தம் குறைவதால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோலக் குமிழிகள் உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு முழு நாள் விடுவது பாதுகாப்பானது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது தொடர்பான நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முக்குளிக்கக் கூடாது.

இத்தீவுகள் நிலநடுக்க ஆபத்து மிகுந்த பகுதியில் உள்ளன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நிக்கோபார் தீவுகள் பேரழிவைச் சந்தித்தன. கடற்கரையில் இருக்கும்போது வலுவான அதிர்வு ஏற்பட்டாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் உடனே மேட்டுப் பகுதிக்குச் செல்ல வேண்டும். வேடிக்கை பார்க்க நின்றதால் போன உயிர்கள் பல என்பதைத் தமிழகக் கடற்கரையும் அறியும்.

செல்லக் கூடாத காடு

அந்தமானின் தொல்குடிகள் நான்கு: பெரிய அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலியர். 1858-இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவியபோது பெரிய அந்தமானியர் சில ஆயிரம் பேர் இருந்தனர். வெளியார் கொண்டுவந்த நோய்களாலும் மோதல்களாலும் அழிந்து இன்று சில பத்துப் பேரே எஞ்சியுள்ளனர். அடுத்து வரும் விதிகளுக்கு அடிப்படை இந்த வரலாறுதான்.

சுண்ணாம்புக் குகைகளும் சேற்று எரிமலையும் உள்ள பாராதாங்குக்குச் செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை, ஜாரவா மக்களின் காப்புக்காட்டுக்கு ஊடாகச் செல்கிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வாகனங்கள் குறிப்பிட்ட நேரங்களில் காவலுடன் அணியாக அனுப்பப்படுகின்றன. வழியில் நிறுத்தவோ, படம் எடுக்கவோ, உணவோ துணியோ கொடுக்கவோ கூடாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி மீறுவோருக்குச் சிறைத் தண்டனை உண்டு.

ஜாரவாக்கள் வெளியாரோடு பகைமையின்றிப் பழகத் தொடங்கியது 1990-களின் இறுதியில்தான். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்கு இரண்டு நாள் தும்மலாகப் போகும் சளிக்காய்ச்சல், அதை எதிர்கொண்டே இராத உடலுக்குக் கொடிய நோயாகலாம். இந்தச் சாலையின் போக்குவரத்தை நிறுத்த 2002-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் சாலை இன்றும் இயங்குகிறது. ஜாரவாப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடவைத்த காணொளி 2012-இல் வெளியாகி நாடெங்கும் கண்டனத்தை எழுப்பியது.

"வழியில் ஆதிவாசிகளைப் பார்க்கலாம்" என்று ஆசை காட்டும் முகவரை ஏற்கக் கூடாது. மனிதர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர். முதல் பயணத்தில் பாராதாங்கை விட்டுவிடுவதால் பெரிய இழப்பும் இல்லை. அலையாத்திக் காட்டை ஹேவ்லாக்கில் துடுப்புப் படகிலேயே காணலாம். மழைக்காட்டைக் காண மேலே கூறிய மூன்று இடங்கள் போதும். வடக்கு சென்டினல் தீவையும் அதைச் சூழ்ந்த கடலையும் அணுகுவது முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. 2018-இல் தடையை மீறிச் சென்ற ஓர் அமெரிக்கர் அங்கே கொல்லப்பட்டார்.

ஏழு நாள் மாதிரித் திட்டம்

முதல் நாள்: போர்ட் பிளேர் வருகை. 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட செல்லுலார் சிறை. ஏழு கிளைகளாக இருந்த இச்சிறையில் இன்று எஞ்சியவை மூன்று. மாலையில் ஒலி ஒளிக் காட்சி.
இரண்டாம் நாள்: காலைப் படகில் ஹேவ்லாக். மாலை 4 மணிக்குள் ராதாநகர்.
மூன்றாம் நாள்: காலையில் எலிபென்ட் கடற்கரை. பிற்பகல் ஓய்வு.
நான்காம் நாள்: காலாபத்தரில் சூரிய உதயம். பின் படகில் நீல் தீவு.
ஐந்தாம் நாள்: முற்பகலில் நீல் கடற்கரைகள். பிற்பகல் படகில் போர்ட் பிளேர்.
ஆறாம் நாள்: மவுண்ட் ஹாரியட் அல்லது சிடியா டாப்பு. நேரம் இருந்தால், 1883-இல் தொடங்கப்பட்ட சாத்தம் மர அறுவை ஆலை.
ஏழாம் நாள்: ஊர் திரும்புதல்.

இத்திட்டத்தில் ஆறாம் நாள்தான் உயிர்நாடி. கடல் கொந்தளித்து ஐந்தாம் நாள் படகு ரத்தானால், ஆறாம் நாள் திரும்ப வழியிருக்கும். காட்டு உலா மட்டுமே கைவிட்டுப் போகும். ஹேவ்லாக்கிலிருந்து வரும் படகையும் ஊர் திரும்பும் விமானத்தையும் ஒரே நாளில் வைப்பவர்கள் விமானத்தைத் தவறவிடும் ஆபத்தை வலிந்து ஏற்கிறார்கள். விடுமுறை ஐந்து நாள்தான் என்றால் நீல் தீவை விட்டுவிடலாம். கடைசி முழு நாளை விடக் கூடாது.

எடுத்துச் செல்பவையும் எடுத்து வரக் கூடாதவையும்

சிறு தீவுகளில் பணம் எடுக்கும் இயந்திரங்கள் குறைவு. போதிய ரொக்கம் கையில் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியபின் இணைய வசதி மேம்பட்டுள்ளது. ஆயினும் பயணச்சீட்டுகளைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்வது நல்லது. வழக்கமாக உண்ணும் மருந்துகள், கொசுவும் மணல் ஈயும் கடிக்காமல் இருக்கத் தடவும் களிம்பு, மறுபடி நிரப்பும் தண்ணீர்ப் புட்டி, முழுக்கை நீச்சலுடை ஆகியவை தேவை. பெரிய மருத்துவமனை போர்ட் பிளேரில்தான் உள்ளது. முதியோருடனும் குழந்தைகளுடனும் செல்வோர் இதை மனத்தில் வைத்துத் திட்டமிட வேண்டும்.

கடற்கரையில் கிடக்கும் பவளத்துண்டு செத்ததாயினும் எடுத்து வரக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் பவளங்களையும் பல சங்கு, சிப்பி இனங்களையும் பாதுகாக்கிறது. விமான நிலையத்தில் சோதனை உண்டு. உயிருள்ள பவளத்தின் மீது காலை ஊன்றுவதும் கூடாது. அது கல்லன்று, உயிரினங்களின் குடியிருப்பு. 2010-இல் கடல் வெப்பம் கூடியபோது அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளிறிப்போயின. ஒருமுறை அழிந்த பவளத்திட்டு மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். பயணி ஒருவர் அதை உடைக்க ஒரு நொடி போதும்.

பார்க்காமல் விட்ட இடங்களுக்காக வருந்த வேண்டியதில்லை. விட்டுவைத்த காடும் கடலும் அடுத்து வருபவருக்கும், அங்கேயே வாழ்பவருக்கும் மிச்சம் இருக்கும்.